அன்னாரின் சகோதரி

விம்பிள்டன் பக்கத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் யார் கண்ணை மூடினாலும் முதல் ரெலிபோன் பாதருக்குப் போகும்; அடுத்தது பிறேமினிக்கு. பூசையைப் பாதர் பார்த்துக்கொள்வார். மரண அறிவித்தலைப் பிறேமினிதான் எழுத வேண்டும்.

அவள் எழுதுகிற அறிவித்தலில் ஒரு பெயரும் விடுபடாது என்பது ஊரறிந்த சங்கதி. செத்தவருக்கு எத்தனை பிள்ளைகள், மருமக்கள் யார், பேரப்பிள்ளைகள் யார், முன்னமே காலமான சகோதரங்கள் யார் என்று துருவித் துருவிக் கேட்பாள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கும் இடம் வரும்: கனடா, மன்னார், நோர்வே, பிரான்ஸ். கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட மறந்தால் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துச் சமாளிக்கலாம். அறிவித்தலில் ஒரு மருமகனை விட்டுவிட்டால் குடும்பம் இரண்டாகிவிடும். "சவம் கிடங்குக்குள்ள போனாலும் அந்தச் சண்டை போகாது" என்று அவளே சொல்வாள்.

எழுதி முடித்ததும் தன் வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவாள். அது அவளுக்கு ஆமென் சொல்வது மாதிரி. அனுப்பினால்தான் செத்தவர் செத்தது நிறைவேறும்.

அவள் வேலை செய்வது மேட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். கொரோனா அடங்கிய கையோடு அங்கே சல்க்கா வந்து சேர்ந்தாள். ஸ்பெயின் பாஸ்போட், நெடிய உடம்பு, தலையை மூடிய துணி, மூடிய வாய். பிறேமினியும் வேலை நேரத்தில் வாய் காட்டுகிறவள் இல்லை. இரண்டு பேரும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை ஒரு சொல் பேசாமல் உரித்து முடிப்பார்கள். அப்படிப் பேசாமல் இருந்தே சிநேகிதமானார்கள்.

எந்த ஊர் என்று கேட்கவே மாதக் கணக்காயிற்று. இருவருக்கும் இடையில் ஓடியது அவரவர் ஆங்கிலம். 'அக்கா' என்பது மட்டும் பிறேமினி சொல்லிக்கொடுத்த சொல்.

"மேற்குச் சகாரா" என்றாள் சல்க்கா.

"அது எந்த நாட்டில இருக்கு?"

சல்க்கா சிரித்தாள். "அதைத்தான் அக்கா நாங்கள் ஐம்பது வருசமாகக் கேட்கிறோம்."

அன்றுதான் அவள் கொஞ்சம் நீளமாகப் பேசினாள். மேசையில் உப்பைக் கொட்டி, கையால் பரப்பி, நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தாள். ஸ்பெயின்காரன் எங்களை விட்டுப் போனபோது வடக்கிலிருந்து மொறோக்கோ வந்தது, தெற்கிலிருந்து மொறித்தானியா வந்தது. எங்கள் இயக்கம் இரண்டோடும் சண்டை பிடித்தது. தெற்குக்காரன் களைத்துத் திரும்பிவிட்டான். வடக்குக்காரன் மணலால் ஒரு மதில் கட்டினான், அதன் காலடியில் கண்ணிவெடி விதைத்தான். கடலும் மீனும் பட்டணங்களும் மதிலுக்கு அந்தப் பக்கம். கல்லும் காற்றும் எங்களுக்கு. பிறகு சண்டையை நிறுத்தினார்கள், வாக்கெடுப்பு வைக்கிறோம், சுதந்திரமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். இருபத்தொன்பது வருசம் இருந்து பார்த்தோம். வாக்குப் பெட்டி வரவில்லை. இப்போது திரும்பவும் சண்டை.

"நீ அங்கயா பிறந்தாய்?"

"இல்லை. அல்ஜீரியாவில், அகதி முகாமில். கூடாரத்துக்குள்ளே."

பிறேமினி உப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எங்களுக்கும் ஒரு இயக்கம் இருந்தது" என்றாள் கடைசியில்.

"தெரியும் அக்கா. எங்களுடையது இன்னும் இருக்கிறது."

இருவருமாக உப்பைத் துடைத்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து புருசனிடம் இதைச் சொன்னபோது பெனடிக்ற் உடனே போனில் தேடத் தொடங்கிவிட்டார். பகலில் ரயில்வேயில் சிக்னல் திருத்துகிறவர். மற்ற நேரமெல்லாம் உலகத்தைத் திருத்துவார். ஊரில் கடைசிச் சண்டை நடந்தபோது லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் போராட்டமென்று மாதக் கணக்காய்க் கிடந்த காலத்திலிருந்து, எங்கே ஒரு இனம் அடிபட்டாலும் அவருக்குப் பொறுக்காது. அதற்கென்று பேஸ்புக்கில் ஒரு பக்கமும் நடத்தினார்.

"இஞ்சரும், இந்த மதிலின்ரை நீளம் தெரியுமோ? இலங்கையைச் சுத்தி ரெண்டு தரம் கட்டலாம்!"

"கட்டாதேங்கோ. முதல் பின்வளவு வேலி விழுந்து கிடக்கு, அதைக் கட்டுங்கோ."

*

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சல்க்கா சொன்னாள்: "என் தம்பி போய்விட்டான்."

பிறேமினி அடுப்பை நிறுத்தினாள்.

தம்பியின் பெயர் லறோசி. இயக்கத்தில் வாகனம் ஓட்டியவன். மதிலுக்குக் கிழக்கே வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்த வண்டியின் மேல் ஆளில்லா விமானம் குண்டு போட்டது. ஆகாயத்தில் சத்தம்கூடக் கேட்டிருக்காது என்றாள் சல்க்கா. அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்களாம். முகாமில் இருக்கும் தாய்க்குக் கிடைத்தது அவனுடைய தலைத்துணி மட்டும். சொல்லிவிட்டு மறுபடி கரட்டை எடுத்தாள். பிறேமினி அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தாள்.

இந்த இடத்தில் பிறேமினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கும் ஒரு அண்ணன் இருந்தான். மரியதாஸ். இயக்கத்துக்குப் போனவன். அவனுக்கு அறிவித்தலும் இல்லை, பூசையும் இல்லை. லண்டனில் யார் செத்தாலும் ஒரு பெயரும் விடுபடாமல் எழுத வேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

"ஒரு அஞ்சலிக் கூட்டம் வைப்பம்" என்றாள். "எங்கட பங்கு மண்டபத்தில. உங்கட ஆக்களையும் கூப்பிடு. அறிவித்தல் நான் எழுதுறன்."

"அறிவித்தல் என்றால்?"

பிறேமினி போனில் பழைய ஒன்றை எடுத்துக் காட்டினாள். மாலை போட்ட படம், பிறந்த இடம், கீழே பெயர்கள், பெயர்களுக்குப் பக்கத்தில் நாடுகள். சல்க்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

மத்தியான இடைவேளையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் இருந்துகொண்டு, பிறேமினி கேட்கக் கேட்க அவள் பெயர்களைச் சொன்னாள். தகப்பன், தாய், லறோசி, தான். பிறகு சற்றுத் தயங்கினாள்.

"மூத்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். எம்பார்க்கா."

"எங்க இருக்கிறா?"

"லாயூனில். மதிலுக்கு அந்தப் பக்கம்."

எழுபத்தைந்தில் சனம் பாலைவனத்துக்குள் ஓடியபோது எம்பார்க்கா நடக்கத் தெரிந்த சிறு குழந்தை. காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று தாய் அவளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு கிழமையில் திரும்பி வருவதாகத்தான் எண்ணம். சின்னம்மா தன் பிள்ளையென்றே பதிந்து வளர்த்தாள். சல்க்காவும் லறோசியும் பிறகு முகாமில் பிறந்தவர்கள். அக்காவை அவர்கள் நேரில் கண்டதே இல்லை. போனில் தெரிந்த முகம். எம்பார்க்காவின் மகன் பஷீருக்குப் பத்தொன்பது வயது. அவனும் போனில் தெரிந்த முகம்தான்.

"நாங்கள் மூன்று பேரும் ஒரு காகிதத்திலும் ஒன்றாக இருந்ததில்லை, அக்கா" என்றாள் சல்க்கா. அவளுக்கு அது ஆசையாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. உடனே பயமும் வந்தது. "இது மண்டபத்துச் சுவருக்கு மட்டும்தானே?"

"ஓமோம். சுவருக்குத்தான்."

அன்று மாலை பிறேமினி வீட்டு மேசையில் இருந்து எழுதினாள். ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் சல்க்காவின் ஆட்களுக்காக ஆங்கிலத்தில். "அன்னார், எம்பார்க்கா (லாயூன்), சல்க்கா (லண்டன்) ஆகியோரின் பாசமிகு சகோதரனும், பஷீரின் (லாயூன்) அன்பு மாமனும் ஆவார்." வாகனத்தின் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் லறோசியின் படத்தை மேலே வைத்தாள், அதைச் சுற்றி ஒரு வெள்ளைப் பூமாலை வரைந்தாள். அவள் எழுதியதிலேயே இதுதான் திறம் என்று அவளுக்குப் பட்டது.

எழுதி முடித்தவுடன் விரல் அனுப்பப் போய் நின்றது. சல்க்கா கேட்டது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. தமிழ் ஆக்கள் பார்த்தால் என்ன, அந்தப் பாலைவனத்தில் யார் இதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பெனடிக்ற்றுக்கு அனுப்பினாள்.

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "அருமையா இருக்கப்பா! என்ரை பேஸ்புக் பக்கத்தில போடட்டோ?"

"போடுங்கோ" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குச் சல்க்காவின் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தமிழர் நாற்பது பேர் வந்தார்கள். ரோல்சும் வடையும் வந்தன. பெனடிக்ற் எங்கேயோ தேடி அவர்களுடைய கொடியை வாங்கி வந்து, தலைகீழாகக் கட்டிவிட, அவர்களில் ஒரு கிழவர் வந்து மெதுவாக நேராக்கினார். அவர்கள் தங்கள் முறைப்படி கைகளை ஏந்திப் பிரார்த்தித்தார்கள். பிறகு தமிழர் ஒவ்வொருவராக எழுந்து படத்துக்குப் பூப் போட்டார்கள். அந்தக் கிழவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் வரிசையில் போய் நின்று, தன் முறை வந்தபோது ஒரு பூவை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மணந்து பார்த்துவிட்டு வைத்தார்.

எல்லாரும் போன பிறகு சல்க்கா சுவரருகே போனாள். மூன்று பெயர்களின் மேலும் விரலை வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தினாள். பிறகு சுவரிலிருந்து அறிவித்தலைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் அது சுவரில் மட்டும் இருக்கவில்லை. பெனடிக்ற்றின் பக்கத்திலிருந்து ஸ்பெயினில் இருக்கும் யாரோ எடுத்துப் போட்டார்கள். அங்கிருந்து பிரான்சுக்குப் போயிற்று. தமிழர்கள் எங்களுக்காக அழுகிறார்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். பெனடிக்ற் அவற்றை உரக்க வாசித்துக் காட்டினார். பிறேமினி கோப்பை கழுவிக்கொண்டே கேட்டாள். சந்தோஷமாக இருந்தது. பிற்பாடு அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் குத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

அடுத்த கிழமை சல்க்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து அங்கியைக் கட்டிக்கொண்டு தொட்டியடியில் நின்றாள்.

"பஷீரைக் கொண்டுபோய்விட்டார்கள்."

"ஆர்?"

"சீருடை போடாதவர்கள். விடியற்காலை. கதவை உடைத்து." ஒரு சட்டியை எடுத்தாள், வைத்தாள். "எம்பார்க்காவின் முகத்துக்கு முன்னால் போனைப் பிடித்துக் கேட்டார்களாம், இது உன் தம்பியா என்று. அந்த அறிவித்தல் படத்தைக் காட்டித்தான்."

மண்டபத்தில் யாராவது படம் எடுத்திருப்பார்கள் என்று பிறேமினிக்கு வாய் வரைக்கும் வந்தது. மண்டபத்தில் எத்தனை போன்கள் இருந்தன! சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம்.

சல்க்கா அதற்கு இடம் வைக்கவில்லை. "சுவரில் இருந்ததை யாரும் படம் எடுக்கவில்லை, அக்கா. எடுத்திருந்தால் சுவர் தெரியும், வெளிச்சம் விழுந்திருக்கும். அவர்கள் காட்டியது சுத்தமான படம். எம்பார்க்கா சொன்னாள்."

சல்க்கா திட்டவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து சட்டியைக் கழுவத் தொடங்கினாள். ஏசியிருந்தால் ஏச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அந்த மௌனத்துக்குள் நிற்க இடமே இருக்கவில்லை. இத்தனை நாளும் இருவரும் பேசாமல் இருந்தது ஒரு மரநிழலில் இருப்பது போலிருந்தது. இன்றைக்கு நிழலும் இல்லை, மரமும் இல்லை.

*

அன்றைக்குப் பஸ்ஸில் இருந்தபோது பிறேமினிக்குத் தன் தாயின் முகம் நினைவுக்கு வந்தது.

மன்னாரில் ஒரு நாள் காலை, ஆமிக் காம்ப் வாசலில், உழவு மெஷினின் இழுவைப் பெட்டிக்குள் நாலைந்து உடல்களைக் கிடத்தி வைத்துவிட்டு, ஊர்ச் சனத்தை வரிசையாக வந்து பார்க்கச் சொன்னார்கள். பிறேமினிக்கு அப்போது பதின்நான்கு வயது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். மூன்றாவதாகக் கிடந்தது மரியதாஸ். அவன் கழுத்தில் தாய் கட்டிவிட்ட கறுத்தக் கயிறு அப்படியே இருந்தது. சிப்பாய் தமிழில் கேட்டான், "உன்ர மகனா?" அம்மா குனிந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "இல்லை ஐயா, இந்தப் பிள்ளையைத் தெரியாது" என்றாள். பிறேமினியின் விரல்கள் நொறுங்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், சாதாரண நடையில் வீட்டுக்கு வந்தாள். வந்து உலை வைத்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அழவில்லை. அழுத சத்தம் வேலிக்கு வெளியே போயிருந்தால் இருக்கிற பிள்ளைகளும் போயிருக்கும்.

ஒரு பெயரை மறைத்ததால் உயிர் தப்பியவள் பிறேமினி. உலகத்தில் வேறு யார் மறந்தாலும் அவள் மறந்திருக்கக் கூடாது. லண்டன் வந்து முப்பது வருசத்தில், பெயர் என்பது எழுதி வாசலில் ஒட்டுகிற பொருள் என்று அவளுக்குப் பழகிவிட்டது. பயம் விட்டுப்போனதை அவள் சுகம் என்று நினைத்திருந்தாள்.

இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்புப் போய் இறங்கி நடந்தாள்.

*

சனிக்கிழமை சல்க்கா வீட்டுக்கே வந்தாள். நாற்காலியின் நுனியில் இருந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"எம்பார்க்கா இல்லை என்று சொல்லிவிட்டாள்" என்றாள். "லறோசி என்று எனக்குத் தம்பி கிடையாது, இது யாரென்றே தெரியாது என்று சொன்னாளாம். அங்குள்ள பதிவுகளில் அவள் சின்னம்மாவின் மகள். எங்களோடு அவளைச் சேர்த்து எழுதிய காகிதம் எங்கேயும் இல்லை. உங்களுடையதைத் தவிர." அவள் 'உங்களுடையது' என்றது கோபமாக இல்லை, ஒரு சாமானைச் சுட்டிக்காட்டுவது மாதிரிச் சொன்னாள். "அங்கே ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். எழுதியவர்களே அதைப் பிழை என்று சொன்னால் அவர் அதைக் கொண்டுபோய்க் காட்டுவார். வெளியாட்கள், விசாரிக்காமல் எழுதிவிட்டார்கள், அவளுக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை என்று."

பெனடிக்ற் எழுந்துவிட்டார். "சகோதரி, நான் சொல்லுறதைக் கேளும். இந்த நேரத்தில பின்வாங்கினா அவங்கள் இன்னும் ஏறுவாங்கள். விளம்பரம்தான் பாதுகாப்பு. பொடியன்ர படத்தைத் தாரும். மொறோக்கோ எம்பஸிக்கு முன்னால வாற கிழமையே இருநூறு பேரை நிப்பாட்டிக் காட்டுறன்."

சல்க்கா அவரைப் பார்த்தாள். "அவனுடைய படத்தை உங்களுக்குத் தரமாட்டேன்" என்றாள்.

பெனடிக்ற் மனிசியிடம் தமிழுக்குத் திரும்பினார். "இஞ்சரும், நீராவது சொல்லும். நாங்கள் போட்டது பொய்யோ? உண்மையைப் போட்டிட்டு, பொய்யெண்டு நாங்களே எழுதுறதோ? நாளைக்கு எங்கட பக்கத்தை ஆர் நம்புவான்?"

"ஒருத்தரும் நம்ப வேண்டாம்."

"போராட்டமெண்டா..."

"என்ரை அம்மா அண்டைக்கு ஓமெண்டு சொல்லியிருந்தா, நான் இண்டைக்கு இந்த வீட்டில இருக்கமாட்டன். உங்களுக்குத் தெரியும்தானே?"

பெனடிக்ற்றுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவர் ஜன்னலடிக்குப் போய் நின்றார். பின்வளவில் வேலி இன்னும் விழுந்துதான் கிடந்தது. பிறகு அவர் வந்து, தன் போனைத் திறந்து, மேசையில் பிறேமினிக்கு முன்னால் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

பிறேமினி பேனையை எடுத்தாள். அறிவித்தலில் பிழை வந்தால் திருத்தம் போடுவது வழக்கம்தான். இதுவரை அவள் போட்ட திருத்தமெல்லாம் விடுபட்ட பெயரைச் சேர்ப்பதற்காக. இருந்த ஒருத்தியை எடுப்பதற்கு அவளிடம் வசனம் இருக்கவில்லை. எழுதினாள், வெட்டினாள். சல்க்கா எதிரே இருந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்மையில் எம்மால் வெளியிடப்பட்ட அறிவித்தலில், லாயூனில் வசிக்கும் எம்பார்க்கா என்பவரும் அவருடைய மகனும் அன்னாரின் உறவினர் எனத் தவறுதலாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுக்கும் அன்னாருக்கும் எவ்வித உறவும் இல்லை. தகவலைச் சரிபார்க்காது எழுதியமைக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது."

கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள். அடைப்புக்குறிக்குள் லண்டன் என்று போட்டாள்.

ஆங்கிலத்தில் எழுதியதைச் சல்க்கா வாசித்தாள், அரபியில் தானே எழுதினாள். எழுதும்போது ஓரிடத்தில் நின்றாள்.

"'உறவினர்' என்று பொதுவாக எழுதினால் போதாது, அக்கா. 'சகோதரி அல்ல' என்று தெளிவாக இருக்க வேண்டும். அவர்கள் அதைத்தான் தேடுவார்கள்."

பிறேமினி மாற்றினாள். பழையதை அழித்துவிட்டு, புதியதைப் பெனடிக்ற்றின் பக்கத்திலும், தன் எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் போட்டாள். கொஞ்ச நேரத்திலேயே பங்குப் பெண்கள் எழுதத் தொடங்கினார்கள். "பிறேமினி அக்கா, நீங்களுமா பிழை விட்டீங்கள்?" என்றாள் ஒருத்தி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையோடு. "வயசு போகுது போல" என்றாள் இன்னொருத்தி. அவள் யாருக்கும் மறுமொழி போடவில்லை.

சல்க்கா எழும்பினாள். கைப்பையைத் திறந்து, மண்டபத்திலிருந்து சுருட்டி எடுத்துப்போன அறிவித்தலை மேசையில் வைத்தாள்.

"இதை என் வீட்டில் வைத்திருக்க ஏலாது. நீங்கள் கிழித்துவிடுங்கள்."

"நானா?"

"என்னால் கிழிக்க முடியவில்லை."

அவள் வாசலைத் தாண்டும் வரை பிறேமினி காத்திருந்தாள். பிறகு சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்தாள். படத்தைத் தனியாக விடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதையும் கிழித்தாள்.

*

பஷீர் வெளியே வர ஒன்றரை மாதமானது. திருத்தத்தினாலா, வழக்கறிஞரினாலா, அடித்துக் களைத்ததினாலா என்று யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, மீனுக்கு மா பூசிக்கொண்டு நிற்கும்போது சல்க்கா சொன்னாள்.

"வீட்டுக்கு வந்துவிட்டான்."

பிறேமினிக்குக் கண் நிறைந்தது. மாப் பிடித்த கையால் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே. எப்படி இருக்கிறான்?"

"நடக்கிறான். ஒரு காது கேட்கவில்லை. யாரோடும் பேசுகிறானில்லை." சல்க்கா அடுத்த துண்டை மாவில் புரட்டினாள். "எம்பார்க்காவை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள். தனக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை, தாயும் இல்லை என்று. வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினாள். இனி எனக்குப் போன் எடுக்காதே என்றாள். நான் எடுக்கமாட்டேன். எடுத்தால் அவனைத் திரும்பக் கொண்டுபோவார்கள்."

"அம்மாவுக்குச் சொன்னியா?"

"அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறாள், எம்பார்க்கா ஏன் பேசுகிறாளில்லை என்று. லாயூனில் லைன் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்." மாப் பூசிய துண்டைத் தட்டில் வைத்தாள். "எண்பது வயதாகப் போகிறது. இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்ல வேண்டி வரும்."

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. பிறேமினி நெருப்பைக் குறைத்தாள். இத்தனை நாளும் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் ஒன்றாக மேலே வந்தன.

"சல்க்கா, நான்..."

"சொல்லாதீர்கள், அக்கா."

"ஒருக்கா மட்டும் சொல்ல விடு."

"நீங்கள் சொன்னால் நான் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடமும் அதுதான் முறை. உங்கள் ஆட்களிடமும் அதுதான் முறையாக இருக்கும். என்னால் அதைச் சொல்ல ஏலாது." அவள் முதல்முறையாக நிமிர்ந்து பிறேமினியைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். எனக்கு அது தெரியும். அது தெரிந்திருப்பதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை."

மேலே சாப்பாட்டு மணி அடித்தது. மீனையும் மசித்த கிழங்கையும் தட்டுகளில் வைத்து, மூடி, வண்டியில் அடுக்கினார்கள். யார் எதை எடுப்பது என்று இருவருக்கும் சொல்லாமலே தெரியும். கைகள் ஒன்றோடொன்று முட்டவில்லை. வண்டியை எப்போதும் இரண்டு பேராகத்தான் தள்ளுவார்கள். பிறேமினி தன் பக்கத்துப் பிடியில் கை வைக்கப் போனாள்.

"நான் கொண்டுபோகிறேன்" என்றாள் சல்க்கா.

பிறேமினி முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வண்டி அவளைக் கடந்து நடைபாதையில் போய், மூலையில் திரும்பி, சத்தம் தேய்ந்து, லிப்ற் மூடுகிற ஓசையும் கேட்டு அடங்கியது. அதற்குப் பிறகும் கதவை விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.